துடுப்புச் சக்கரம் ஏன் சுழன்றது?

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் பயின்ற எவரும் ஒரு படத்தை மறந்திருக்க மாட்டார்கள். நீண்டதொரு கண்ணாடிக் குழாய்; அதனுள்ளே இணையாக இரு கண்ணாடிக் கம்பிகள்; அவற்றின்மேல் உருளக்கூடிய இலேசான துடுப்புச் சக்கரம். குழாயிலுள்ள காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், சக்கரம் எதிர்மின்வாய்ப் பக்கத்திலிருந்து நேர்மின்வாய்ப் பக்கம் நோக்கி உருண்டோடும். படத்தின் கீழே ஒரு வரி: ‘கேத்தோடு கதிர்கள் உந்தம் உடையவை, ஆகவே அவை துகள்களால் ஆனவை.’ தேர்வில் இந்த வரியை எழுதினால் ஒரு மதிப்பெண் உறுதி.

அந்த வரி தவறானது. சக்கரம் உருள்வது உண்மை. கேத்தோடு கதிர்கள் துகள்களே என்பதும், அத்துகள்களுக்கு உந்தம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் சக்கரம் உருள்வதற்குக் காரணம் அந்த உந்தம் அன்று. இதைக் கணக்கிட்டுச் சொன்னவர் யார் தெரியுமா? எலக்ட்ரானைக் கண்டவர் என்று அதே பாடநூல் அடுத்த பக்கத்திலேயே போற்றுகின்ற ஜே.ஜே. தாம்சன்தான். வாயுக்களின் வழியே மின்சாரம் பாய்வது பற்றி அவர் எழுதி 1903-இல் வெளிவந்த நூலில் இது இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. சக்கரம் மட்டும் நம் பாடநூல்களில் இன்னும் தவறான காரணத்தோடு உருண்டுகொண்டிருக்கிறது.

தாம்சனை நம்ப வேண்டாம்; நீங்களே ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். குழாய்க்கு 10,000 வோல்ட் கொடுப்பதாகவும், 0.1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகவும் கொள்வோம். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 6 × 10¹⁴ எலக்ட்ரான்கள் சக்கரத்தைத் தாக்கும். ஒவ்வொன்றின் வேகமும் வினாடிக்குச் சுமார் 6 × 10⁷ மீட்டர். எலக்ட்ரானின் நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம். மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் விசை 3.3 × 10⁻⁸ நியூட்டன். அதாவது ஒரு மில்லிகிராமில் முந்நூறில் ஒரு பங்கின் எடை! சக்கரத்தின் நிறை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், உராய்வே இல்லாவிட்டாலும், ஒரு முழு நிமிடம் தள்ளிய பிறகு அது வினாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தைத்தான் எட்டியிருக்கும். உராய்வு இருக்கும் உலகத்தில் அது அசைவதே கடினம்.

சரி, அப்படியானால் எது தள்ளுகிறது? அதே எண்களைக் கொண்டு இன்னொரு கணக்குப் போடுங்கள். 10,000 வோல்ட்டை 0.0001 ஆம்பியரால் பெருக்கினால் ஒரு வாட். வினாடிக்கு ஒரு ஜூல் வெப்பம் மெல்லிய அபிரகத் துடுப்பின் ஒரு முகத்தில் வந்து விழுகிறது. அந்த முகம் சூடேறுகிறது. பின்முகம் அவ்வளவு சூடாவதில்லை. குழாயில் எஞ்சியிருக்கும் சிறிதளவு வாயுவின் மூலக்கூறுகள் சூடான முகத்திலிருந்து அதிக விசையோடு எகிறுகின்றன. அந்த எதிர்த்தாக்கே சக்கரத்தைத் தள்ளுகிறது. எலக்ட்ரான்களின் நேரடி மோதலைவிட இந்த வெப்ப விளைவு பன்மடங்கு பெரியது.

இந்தச் சோதனையைச் செய்துகாட்டிய வில்லியம் குரூக்ஸுக்கு இத்தகைய பிழை இது முதன்முறையன்று என்பதுதான் வேடிக்கை. 1870-களின் நடுவில் அவர் ரேடியோமீட்டர் என்றொரு கருவியை அமைத்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு சிறு தகடுகள். ஒவ்வொன்றின் ஒரு முகம் கருமை, மறுமுகம் வெண்மை. வெயில் பட்டால் சுழலும். ஒளியே தகடுகளைத் தள்ளுகிறது என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் ஒளி தள்ளினால், அதைத் திருப்பியனுப்பும் வெள்ளை முகம் அல்லவா அதிகமாகத் தள்ளப்பட வேண்டும்? கருவியோ நேர்மாறாக, கறுப்பு முகம் ஒளியைவிட்டு விலகும்படி சுழன்றது. 1876-இல் ஆர்தர் ஷூஸ்டர், குமிழையே தொங்கவிட்டு, தகடுகள் ஒருபுறம் சுழலத் தொடங்கும்போது குமிழ் எதிர்ப்புறம் திரும்ப முயல்வதைக் காட்டினார். தள்ளும் விசை உள்ளே எஞ்சிய வாயுவிலிருந்தே பிறக்கிறது என்பது தெளிவாயிற்று. அதே குரூக்ஸ், மூன்றாண்டு கழித்து, அதே வகையான தகடுகளைக் கேத்தோடு கதிரின் பாதையில் வைத்து, அதே வகையான முடிவுக்கு வந்தார்! பெரிய மனிதர்களுக்கும் பிடித்தமான கருவிகள் உண்டு. அவற்றின்மேல் ஒரு மயக்கமும் உண்டு.

ஒரு தவறான வரிக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கவலை அந்த ஒரு வரியைப் பற்றியதன்று. மின்னிறக்கக் குழாய் பற்றிய பாடம் முழுவதுமே இப்படித்தான் எழுதப்படுகிறது: முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாலேயே, அதற்கு முன் நடந்ததெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்லியாக வேண்டும் என்ற முறையில். சாட்சி பொய்யாக இருந்தாலும் குற்றமில்லை, தீர்ப்பு சரியாக இருந்தால் போதும் என்ற மனப்போக்கு அறிவியலைக் கற்பிக்கும் நூலில் இருக்கலாமா?

பாடத்தின் தொடக்கத்தில் உள்ள அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் குறையக் குறையக் குழாயில் என்னென்ன தோன்றும் என்பதை அது சொல்கிறது. காற்றழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவை நெருங்கும்போது வளைந்து நெளியும் ஒளிக்கீற்று, இன்னும் குறைந்தால் குழாய் நிறையும் நேர்மின் தம்பம், சில மில்லிமீட்டரில் எதிர்மின்வாய்க்கு அருகே ஃபாரடே கருமிடம், மேலும் குறைந்தால் தம்பம் வில்லை வில்லையாகப் பிளவுறுதல், 0.1 மி.மீ. அளவில் எதிர்மின்வாயை ஒட்டிக் குரூக்ஸ் கருமிடம், 0.01 மி.மீ. அளவில் கருமிடமே குழாயை நிரப்பிவிட, கண்ணாடிச் சுவர் பச்சையாக ஒளிர்தல். படங்கள் பெரும்பாலும் நன்றாகவே வரையப்பட்டிருக்கும். கருமிடம், மின்னிறக்கம், நேர்மின் தம்பம் போன்ற சொற்களும் அருமையான ஆக்கங்கள். அவற்றை உருவாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் மாணவன் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்கிறான்; வேறென்ன செய்வான்? அது ஒரு வரலாறு என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஓர் ஆண்டையும் ஒரு பம்பின் பெயரையும் எழுதிப் பாருங்கள். மேல் வரிசைகளில் 18-ஆம் நூற்றாண்டு. 1705-இல் லண்டனில் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பீ, காற்று குறைந்த கண்ணாடிக் கலத்தில் பாதரசத்தைக் குலுக்கி ஒளி தோன்றச் செய்தார். பிறகு காற்று நீக்கிய கண்ணாடி உருண்டையைச் சுழற்றிக் கையால் தேய்த்து அதே ஒளியைப் பெற்றார். அடுத்து 1838, அன்றைய உந்துதண்டுப் பம்புகளைக் கொண்டு எவ்வளவு காற்றை நீக்க இயலுமோ அவ்வளவு நீக்கி, ஃபாரடே தம் பெயர் தாங்கிய கருமிடத்தைக் கண்டார். அதன்பின் இருபதாண்டுக் காலம் அட்டவணையில் கீழே இறங்க எவராலும் முடியவில்லை. ஃபாரடேக்கு அறிவு குறைவா? இல்லை. உந்துதண்டும் தோல் வளையமும் காற்றை ஒழுகவிட்டன. அவ்வளவுதான்.

அந்தத் தடையை உடைத்தவர் பேராசிரியர் அல்லர். கண்ணாடி ஊதும் தொழிலாளி. ஹைன்ரிஷ் கைஸ்லர் ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் கண்ணாடித் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1850-களின் தொடக்கத்தில் பான் நகரில் கருவிப் பட்டறை அமைத்தார். 1855-ஐ ஒட்டி அவர் செய்த பம்பில் உந்துதண்டு இல்லை. பாதரசம் நிறைந்த கலத்தை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதுமே வேலை. பாதரசம் இறங்கும்போது அதன்மேல் டாரிசெல்லியின் பாரமானியில் தோன்றுவது போன்ற வெற்றிடம் பிறக்கும். குழாயிலுள்ள காற்று அதனுள் பாயும். பாதரசம் ஏறும்போது அந்தக் காற்று வெளியே தள்ளப்படும். இப்படியே பலமுறை. பாதரசமே உந்துதண்டு; அதற்கு ஒழுகல் கிடையாது. பொறுமைதான் வேண்டும்.

பம்பு மட்டும் போதாது. மின்சாரத்தை உள்ளே செலுத்தும் கம்பி கண்ணாடியைத் துளைத்துச் செல்லுமிடத்தில் காற்று புகக் கூடாது. செம்பையோ இரும்பையோ சாதாரணக் கண்ணாடியில் பதித்தால், ஆறும்போது உலோகமும் கண்ணாடியும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிசல் விடும். பிளாட்டினம் ஏறத்தாழச் சோடாக் கண்ணாடியின் அளவிலேயே விரிந்து சுருங்குவது. ஆகவேதான் அந்தக் காலக் குழாய்களில் விலையுயர்ந்த பிளாட்டினக் கம்பியைப் பார்க்கிறோம். அது ஆடம்பரமன்று. இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால், வெப்ப விரிவுக் குணகம் என்ற பாடத்துக்கும் எலக்ட்ரான் என்ற பாடத்துக்கும் உறவிருப்பதை மாணவன் கண்டிருப்பான்.

பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூலியஸ் புளூக்கர், கைஸ்லர் செய்துதந்த குழாய்களைக் கொண்டு 1858, 1859 ஆண்டுகளில் ஆராய்ந்தார். பாரிசில் ரூம்கார்ஃப் செய்து விற்ற தூண்டு சுருள் வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தந்தது. எதிர்மின்வாயின் அருகே கண்ணாடியில் தோன்றும் பச்சை ஒளி, காந்தத்தைக் கொண்டுவந்தால் இடம்பெயர்வதைப் புளூக்கர் கண்டார். கேத்தோடு கதிர்களின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. குழாய்களுக்குக் ‘கைஸ்லர் குழாய்’ என்று பெயரிட்டவரும் புளூக்கரே. 1868-இல் பான் பல்கலைக்கழகம் அந்தத் தொழிலாளிக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. நம் பாடநூல்களில் அவர் பெயர் வந்தால், வண்ணக் குழாய் செய்தவர் என்ற அளவில் வருகிறது. பெரும்பாலும் அதுவும் வருவதில்லை.

கைஸ்லர் ஒருவர் அல்லர், ஒரு வரிசையே இருக்கிறது. குரூக்ஸின் சிலுவைக் குழாயும் சக்கரக் குழாயும் அவர் கையால் ஊதப்பட்டவையல்ல. சார்லஸ் கிமிங்ஹாம் என்ற உதவியாளர் அவருக்குக் கண்ணாடி வேலை செய்ததோடு, 1865-இல் ஸ்ப்ரெங்கெல் அமைத்த பாதரசப் பம்பையும் செம்மைப்படுத்தினார். காற்றழுத்தத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற நிலைக்குக் குரூக்ஸ் போக முடிந்தது அதனால்தான். கேம்பிரிட்ஜில் தாம்சனுக்கு எபனேசர் எவரெட். தாம்சன் கைப்பழக்கம் இல்லாதவர். கருவிகளைத் தொடவிடாமல் அவரைத் தள்ளியே வைத்திருப்பார்களாம். 1897-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற குழாய் எவரெட்டின் கைவண்ணம். இவர்களைப் பற்றிப் பேசுவது நன்றிக்கடனுக்காக மட்டுமன்று. இவர்களை நீக்கிவிட்டால், எந்தக் கேள்விக்கு எந்த ஆண்டில் விடை கிடைத்தது என்பதற்கு விளக்கமே இல்லாமற்போகும்.

ஹெர்ட்ஸின் கதையைக் கேளுங்கள். மின்காந்த அலைகளைக் கண்ட அதே ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ்தான். 1883-இல் அவர் கேத்தோடு கதிர்களை இரு மின்தகடுகளுக்கிடையே செலுத்தினார். மின்னூட்டமுள்ள துகள்களாயின் வளைய வேண்டும், வளையவில்லை. ஆகவே அவை துகள்கள் அல்ல, ஈதரில் எழும் ஒருவகை அலைகள் என்று கருதினார். இந்தச் சோதனையைப் பாடநூல்கள் சொல்வதேயில்லை. தோல்விக்கு மதிப்பெண் இல்லை போலும்! பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தாம்சனும் முதலில் அதே முடிவைத்தான் பெற்றார். பிறகு குழாயிலிருந்து இன்னும் அதிகமாகக் காற்றை நீக்கினார், கதிர் வளைந்தது. கதிர் செல்லும் வழியில் எஞ்சிய வாயு அயனியாகிறது. அந்த அயனிகள் தகடுகளில் போய்ப் படிந்து மின்புலத்தை மறைத்துவிடுகின்றன. ஹெர்ட்ஸைத் தோற்கடித்தது அவரது குழாயில் மீதியிருந்த காற்று. அட்டவணையில் ஒரு படி கீழே இறங்கியதும் விடை மாறியது.

இனி அந்தப் பாடத்தின் நடுநாயகமாக விளங்கும் ‘கேத்தோடு கதிர்களின் பண்புகள்’ என்ற பட்டியலுக்கு வருவோம். நேர்கோட்டில் செல்லும்; காந்தப் புலத்தால் வளையும்; மின்புலத்தால் வளையும்; எதிர்மின்னூட்டம் உடையவை; மெல்லிய உலோகத் தகட்டை ஊடுருவும்; ஒளிர்தலை உண்டாக்கும்... எட்டோ பத்தோ வரும். எல்லாம் ஒரே நாளில் ஒரே மனிதர் எழுதி வைத்தது போன்ற தோற்றம். உண்மையில் அது நாற்பது ஆண்டுச் சண்டையின் இரு தரப்பு வாதங்களையும் கலந்து, யார் எதைச் சொன்னார் என்பதை அழித்துவிட்டு அடுக்கிய பட்டியல்.

நேர்கோட்டில் செல்வதைக் காட்டும் நிழல் சோதனை குரூக்ஸின் பெயரில் சொல்லப்படுகிறது. புளூக்கரின் மாணவர் ஹிட்டார்ஃப் 1869-இலேயே பொருள்களின் நிழல் விழுவதைக் கண்டு எழுதிவிட்டார். மேலும், நிழல் விழுவதால் துகள் என்று ஆகாது. ஒளிக்கும் நிழல் உண்டே! ‘கேத்தோடு கதிர்’ என்று 1876-இல் பெயர் சூட்டிய கோல்ட்ஸ்டைன், அலைக் கட்சியைச் சேர்ந்தவர்.

மெல்லிய தகட்டை ஊடுருவும் என்ற வரி இன்னும் சுவையானது. 1892-இல் ஹெர்ட்ஸ் இதைக் கண்டார். அவர் உதவியாளர் லெனார்டு 0.003 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புள்ள அலுமினியச் சாளரம் ஒன்றைக் குழாயில் பொருத்தி, கதிர்களை வெளிக்காற்றில் சில சென்டிமீட்டர் தூரம் செல்ல வைத்தார். அன்று இது எதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது தெரியுமா? கதிர்கள் துகள்கள் அல்ல என்பதற்கு! காற்றுகூட நுழைய முடியாத தகட்டில் அணுவோ மூலக்கூறோ எப்படி நுழையும்? அலையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டது நியாயமே. தாம்சன் அதே செய்தியை எடுத்து வாதத்தைத் திருப்பினார்: நுழைகிறதென்றால், அந்தத் துகள் அணுவைவிட மிக மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரே சோதனை, நேற்று எதிர்க்கட்சிச் சாட்சி, இன்று நம் கட்சிச் சாட்சி. பாடநூலில் ‘ஊடுருவும் தன்மை உடையவை’ என்ற மூன்று சொற்களாக அது செத்துக் கிடக்கிறது.

பட்டியலில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் மற்றொன்று அந்தப் பச்சை ஒளி. கேத்தோடு கதிர்கள் பச்சை நிறமுடையவை என்று விடைத்தாளில் எழுதுவோர் உண்டு. பச்சை, சோடாக் கண்ணாடியின் நிறம். ஈயக் கண்ணாடியாக இருந்தால் நீலமாக ஒளிரும். கதிருக்கு நிறம் கிடையாது.

குரூக்ஸை மிகவும் குறைத்துப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. 1879 ஆகஸ்டில் ஷெஃபீல்டு நகரில் பிரிட்டிஷ் கழகத்தின் முன் அவர் ஆற்றிய ‘கதிர்வீசும் பொருள்’ என்ற சொற்பொழிவு, இந்தக் குழாய்களை உலகறியச் செய்தது. அவர் கருத்து இதுதான்: வாயு மிகவும் அருகிவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமலே நெடுந்தூரம் ஓடும், அது பொருளின் நான்காம் நிலை. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு மோதலின்றிச் செல்லும் சராசரித் தூரம் ஒரு சென்டிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் அதுவே 7 சென்டிமீட்டர் ஆகிவிடும். எண்ணிப் பார்த்தால் அழகான கருத்துத்தான். ஆனால் கதிர்கள் அந்தச் சராசரித் தூரத்தையும் தாண்டி வெகுதூரம் செல்வதைக் கோல்ட்ஸ்டைன் காட்டினார். துகள் என்றதில் குரூக்ஸ் சரி; மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு என்றதில் தவறு. அலை என்றதில் ஜெர்மானியர் தவறு. மூலக்கூறாக இருக்க முடியாது என்றதில் அவர்களே சரி. இந்த விளையாட்டில் எந்தப் பக்கமும் முழு மதிப்பெண் வாங்கவில்லை.

தாம்சனுக்கு வருவோம். ‘1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார், அதன் மின்னூட்ட-நிறை விகிதம் 1.76 × 10¹¹ கூலூம்/கிலோகிராம் என அளந்தார்’ என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். எண் சரி, ஆனால் அவர் அளந்த எண் அதுவன்று. மின்புலத்தாலும் காந்தப் புலத்தாலும் வளைத்து அவர் அந்த ஆண்டில் பெற்ற மதிப்புகள் இன்றைய மதிப்பில் பாதியை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருந்தன. வெப்பத்தை அளந்து செய்த இன்னொரு முறையில் வேறு எண்கள் வந்தன. அதே ஆண்டில் பெர்லினில் வால்ட்டர் கௌஃப்மன் இதைவிடத் துல்லியமாக அளந்தார். கோனிக்ஸ்பெர்க் நகரில் எமில் வீஹெர்ட், அணுவைவிட மிகச் சிறிய துகள் என்று அவ்வாண்டு ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். 1896-இல் ஸீமன், காந்தப் புலத்தில் நிறமாலைக் கோடுகள் அகல்வதைக் காண, லாரன்ட்ஸ் அதிலிருந்து ஏறத்தாழ இதே விகிதத்தைக் கணித்திருந்தார். ‘எலக்ட்ரான்’ என்ற பெயரும் தாம்சனுடையதன்று. ஜான்ஸ்டன் ஸ்டோனி 1891-இல் சூட்டியது. தாம்சன் தம் துகளை வேறு பெயரிட்டே அழைத்துவந்தார்.

அப்படியானால் தாம்சன் செய்ததுதான் என்ன? குழாயில் காற்றோ ஹைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடோ எதை வைத்தாலும், மின்வாயை அலுமினியத்தால் செய்தாலும் பிளாட்டினத்தால் செய்தாலும், விகிதம் மாறவில்லை என்று கண்டார். ஹைட்ரஜன் அயனியின் விகிதத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. மின்னூட்டம் பெரிதா, நிறை சிறிதா என்ற கேள்வி எழுந்தது. எல்லாப் பொருள்களிலும் அடங்கியுள்ள, அணுவைவிடச் சிறிய ஒரு கூறு இது என்று துணிந்து சொன்னார். கௌஃப்மன் எண்ணைத் துல்லியமாகப் பெற்றும் அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை. மின்னூட்டத்தைத் தனியே அளந்து, நிறைதான் சிறிது என்று தாம்சன் உறுதிப்படுத்தியது 1899-இல். இந்தப் பெருமையை அவருக்குத் தராமல், அவர் பெறாத ஒரு எண்ணின் துல்லியத்தை அவருக்குச் சூட்டுவது எந்த வகை மரியாதை?

இதே முறையில், 1886-இல் துளையிட்ட எதிர்மின்வாயின் பின்புறம் கோல்ட்ஸ்டைன் கண்ட கதிர்களைச் சொல்லி, அவர் புரோட்டானைக் கண்டுபிடித்தார் என்றும் எழுதிவிடுகிறார்கள். அவர் கண்டது குழாயிலுள்ள வாயுவின் நேர் அயனிகள்; வாயு மாறினால் அவையும் மாறும். அவற்றுக்கு நேர்மின்னூட்டம் உண்டென்று வீன் காட்டியது 1898-இல். ஹைட்ரஜன் அணுக்கரு மற்ற அணுக்கருக்களிலும் உள்ள ஒரு கூறு என்பதற்கு ரதர்ஃபோர்டு சான்று தந்தது 1919-இல். புரோட்டான் என்ற பெயர் 1920-இல். கோல்ட்ஸ்டைனின் கதிர்கள் உண்மையில் இட்டுச்சென்ற இடம் வேறு. 1912, 1913-இல் தாம்சன் அவற்றைக் கொண்டு நியானில் 20, 22 என இரு நிறைகள் இருப்பதைக் கண்டார். ஐசோடோப்புகளைப் பிரித்தறியும் நிறைமாலைக் கருவிக்கு அதுவே வித்து.

இவ்வளவு பக்கங்களில் குழாயின் மற்ற பாதியைப் பாடநூல் அடியோடு விட்டுவிடுகிறது என்பது என் பெரிய குறை. எதிர்மின்வாய்ப் பக்கத்தில் எலக்ட்ரான் பிறந்தது. வண்ணத் தம்பத்தின் பக்கத்தில் நிறமாலையியல் வளர்ந்தது. ஒவ்வொரு வாயுவும் கைஸ்லர் குழாயில் தனக்கேயுரிய கோடுகளோடு ஒளிர்வதைப் புளூக்கர் 1858-ஐ ஒட்டியே குறித்தார். ஹைட்ரஜன் குழாயின் கோடுகளை ஆங்ஸ்ட்ராம் துல்லியமாக அளந்தார். அந்த எண்களை வைத்துப் பள்ளி ஆசிரியரான பால்மர் 1885-இல் தம் சூத்திரத்தைக் கண்டார். 1913-இல் போர் அதற்கு விளக்கம் தந்தார். 1895-இல் ராம்சே பூமியில் ஹீலியத்தைக் கண்டது இத்தகைய குழாயின் மஞ்சள் கோட்டால். 1898-இல் அவரும் டிராவர்ஸும் நியானைக் கண்டது அதன் செந்நிற ஒளியால். பாடநூலிலோ போர் கொள்கை ஓர் அத்தியாயத்திலும், மின்னிறக்கம் வேறோர் அத்தியாயத்திலும், மந்த வாயுக்கள் வேதியியல் நூலிலும் கிடக்கின்றன. மூன்றும் ஒரே கண்ணாடிக் குழாயிலிருந்து வந்தவை. நம் வீடுகளில் பல்லாண்டு ஒளி தந்த டியூப் லைட்டும் பாதரச ஆவி நிறைந்த அதே குழாய்தான் என்பதை நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக, பாடநூல் சொல்லத் தவறும் ஒன்று. இதை வரலாற்றுக் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்கில் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் புதியதொரு கருவியிலிருந்து வரவில்லை. ஹிட்டார்ஃபும் குரூக்ஸும் பயன்படுத்திய அதே வகைக் குழாயிலிருந்துதான் வந்தன. அதாவது அவற்றுக்கு முன் பல ஆண்டுகளாகவே அந்தக் குழாய்கள் அருகிலிருந்தவர்கள்மேல் எக்ஸ் கதிர்களைப் பொழிந்துகொண்டிருந்தன, யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும் தீங்கு உணரப்படச் சில காலம் ஆயிற்று. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, இத்தகைய குழாய்களோடு பழகியதால் கைகளையும், 1904-இல் உயிரையும் இழந்தார்.

சிலுவைக் குழாயும் சக்கரக் குழாயும் பள்ளிகளுக்காக இன்றும் விற்கப்படுகின்றன. உங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒன்று இருக்கலாம். தூண்டு சுருளின் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட, கண்ணாடியைத் துளைத்து வெளிவரும் எக்ஸ் கதிரும் கூடும். ஆகவே சக்கரம் உருள்வதைப் பார்க்க ஆவல் கொண்டு குழாயின்மேல் கவிழ்ந்து நிற்காதீர்கள். உங்கள் ஆசிரியர் இயக்கட்டும். தேவைப்படும் சில வினாடிகளுக்கு மட்டும், சக்கரம் அசையப் போதுமான குறைந்த மின்னழுத்தத்தில். நீங்கள் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். சக்கரம் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.